வளைகுடாவில் பிறக்கும் இந்தியக் குழந்தையும் வதிவிட விசாவும்

ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறப்பதால் மட்டும் ஒரு குழந்தைக்கு அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை. அங்கு பணிபுரியும் தமிழகத் தம்பதியரின் குழந்தை, பெற்றோர் வழியாகவே இந்தியக் குடியுரிமை பெறுகிறது. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் நிகழும் பிறப்புகளை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். காலம் கடந்தால் நடுவண் அரசின் அனுமதி தேவை.

வதிவிட விசா பெறவோ, பிறந்த நாளிலிருந்து 120 நாள்களே அவகாசம். விசாவுக்குக் குழந்தையின் கடவுச்சீட்டு தேவை என்பதால், தூதரகப் பதிவுக்கு ஓராண்டு இருந்தாலும் காத்திருக்க முடியாது. தவறினால் அபராதம் கட்ட வேண்டும். குழந்தை நாட்டைவிட்டு வெளியேறவும் இயலாது. பிறப்புச் சான்றிதழுக்கு வழக்கமாகக் கேட்கப்படும், சான்றொப்பமிட்ட திருமணச் சான்றிதழைக் கருவுற்ற காலத்திலேயே ஆயத்தமாக வைத்திருப்பது இத்தாமதத்தைத் தவிர்க்கும்.