புறாவால் மூட்டும் ஜிக்கும்

புனேக்கு வடமேற்கிலுள்ள இராணுவக் குடியிருப்பான தேஹு ரோட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பின்னர் நீண்ட வறட்சி. மரம் இவ்வாறு உப்பியும் சுருங்கியும் வருவதால், ஆணியை மட்டும் நம்பிய மேஜை இழுப்பறை விரைவில் தளர்ந்துவிடும். விரிந்த புறாவாலைப் போல் வெட்டிய பற்களோ ஒன்றிலொன்று கோத்து நிற்பவை. முன்பலகையை எத்தனை முறை இழுத்தாலும் எளிதில் பிரியா.

கையால் வெட்டுவோர் மென்மரத்திற்கு 6-க்கு 1, வன்மரத்திற்கு 8-க்கு 1 என்னும் சரிவைக் கொள்வது வழக்கம். வீட்டில் இதற்குத் துணைபுரிவது ஜிக். சீப்புப் போன்ற அதன் பற்களை ரௌட்டரின் வளையம் தொட்டுச் செல்ல, முன்பலகையும் பக்கப்பலகையும் ஒருசேர வெட்டுப்படும்.

முதலில், அதே மரத்தின் கழிவுத் துண்டுகளில் வெட்டிப் பார்த்தல் வேண்டும். மூட்டு தளர்வாயிருப்பின் பிட்டைச் சற்று ஆழமாக இறக்கவேண்டும், இறுக்கமாயிருப்பின் உயர்த்தவேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதனை மாற்றிச் செய்து நல்ல பலகையை வீணாக்குவர்.