பேரேடும் குறியெண்ணும்

தென்காசிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்பெல்லாம் காசநோய்க்கென்று நீளமான அட்டைப் பதிவேடு ஒன்று இருக்கும். பெயர், தகப்பனார் பெயர், தெரு, வயது, சளிப் பரிசோதனை முடிவு எல்லாம் ஒரே வரியில். மாத்திரை வாங்க வந்தவர் தன் வரியைத் தேடினால், மேல்வரிக்காரர் யாரென்பதும் கண்ணில் படும். காசநோயாளிகளை அரசுக்கு அறிவிப்பது 2012 மே மாதம் கட்டாயமானது. அடுத்த மாதமே நிக்‌ஷய் என்ற இணையப் பதிவு வந்தது. இன்று அந்த வரி ஓர் எண்ணாகிவிட்டது.

பதிவேடு சிகிச்சைக்கானது. ஆனால் ஆய்வுக்கட்டுரை எழுத வரும் இளம் மருத்துவரும் அதைப் புரட்டித் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டு போவார். நோயாளியைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதில் கெட்ட எண்ணமும் இல்லை. பெரிய ஆய்வு ஒன்றையும் பாருங்கள்: 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தின் முதல் ஆய்வில் 193 நோயாளிகள். ஏறக்குறையப் பாதிப்பேர் மருத்துவ விடுதியில், மீதிப்பேர் தங்கள் வீட்டில். மாத்திரை விழுங்குகிறார்களா என்று பார்க்கப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் மாதிரி வாங்கினார்கள். வீட்டிலிருந்தே நோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு அது. ஆனால் வாசலில் வந்து நின்ற பணியாளரைத் தெருவும் பார்த்திருக்கும். அந்தப் பார்வையை எடைபோட அன்று நெறிமுறைக் குழு என்ற ஒன்றே கிடையாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் ஆய்வு நெறிமுறை பற்றிய முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. 2000இலும் 2006இலும் அது விரிந்து, 2017இல் இன்றைய தேசிய நெறிமுறைகளானது. அதன்படி நெறிமுறைக் குழுவில் 7 முதல் 15 பேர். தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவரும், சமூக அறிவியலாளரும், மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவரும் வேண்டும். ஐந்து பேர் கூடாமல் கூட்டம் செல்லாது.

தென்காசியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில், 1965இல் தொடங்கிய திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவர் நம் ஊர் நோயாளிகளை ஆய்வு செய்ய விரும்பினால், இன்று முதலில் ஒரு குழுவின் முன் நிற்க வேண்டும். குழு கேட்கும்: பிறந்த தேதி எதற்கு, வயது போதாதா? தெருப் பெயர் எதற்கு? பெயரையும் குறியெண்ணையும் இணைக்கும் பட்டியல் யாரிடம் இருக்கும், எந்தப் பூட்டுக்குள்? ஆய்வு முடிந்து குறைந்தது மூன்றாண்டு, மருந்துப் பரிசோதனையானால் ஐந்தாண்டு ஆவணங்களைக் காக்க வேண்டும். அதற்குப் பிறகு அவை என்னவாகும்?

என்னைக் கேட்டால், இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவாரா? சென்னையில் மறையலாம். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் நாற்பது வயதுப் பெண் என்று எழுதினால், ஆயிரக்கணக்கானோரில் ஒருத்தியாக அவள் மறைந்துகொள்வாள். ஆனால் குற்றாலம் பழைய அருவியில் எண்ணெய் தேய்த்துவிடும், ஒரு கால் ஊனமான, ஐம்பத்திரண்டு வயதுக்காரர் என்று எழுதிப் பாருங்கள். சாரல் காலத்தில் நாட்டின் எந்த மூலையிலிருந்தோ வந்தவர்களுக்கு அவர் யாரோ. ஊர்க்காரர்களுக்கு வரியைப் படித்து முடிக்கும் முன் முகம் தெரிந்துவிடும். 2012இல் டெங்கு கடையநல்லூரைப் பிடித்து ஆட்டியபோது, ஓர் ஊரின் பெயரே நோயின் பெயரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தோம். தனி மனிதருக்கு அப்படி ஒட்டினால் கழுவ அருவித் தண்ணீர் போதாது. தொழில், ஊர், வயது, ஊனம் நான்கும் ஒன்றாக நிற்கும் வரியில் இரண்டையாவது அடிக்கச் சொல்ல, ஊரை அறிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத அந்த உறுப்பினரின் நாற்காலியை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

இழப்பும் உண்டு. அன்றைய சுகாதாரப் பணியாளர் பதிவேட்டைப் பார்த்ததும், இன்னார் பதினைந்து நாளாக வரவில்லையே என்று சைக்கிளை எடுப்பார். அடையாளம் முழுவதும் அழிக்கப்பட்ட தரவில், ஒருவரது இரத்தத்தில் ஆபத்தான குறி பின்னாளில் தென்பட்டாலும் அவரைத் தேடிப் போக வழியில்லை. அதற்காகவே பல ஆய்வுகளில் பெயர்ப் பட்டியலை எரிக்காமல் தனியே பூட்டி வைக்கிறார்கள். அன்று வாய்வார்த்தையாக முடிந்த சம்மதம், இன்று பக்கம் பக்கமாகத் தமிழில் அச்சாகி வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் சாட்சி முன் கைநாட்டு வைக்கிறார். பொறுமையாக வாசித்துக் காட்ட ஆள் இல்லாதபோது, அந்தப் பக்கங்கள் வெறும் பக்கங்களே.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த தரங்களைப் பின்பற்றும் ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது. அத்தரவைக் கொண்டு தனி ஒருவரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே வாசலில் நிற்கும் முக்கியமான காவல் இந்தக் குழுதான்.

மருத்துவமனையில் யாரேனும் ஆய்வுக்கென்று படிவம் நீட்டினால், கையெழுத்திட்டதன் நகல் ஒன்று உங்களுக்குச் சேர வேண்டியது. நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் அதில் இருக்க வேண்டும். கேட்டு வாங்கி, ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.