கடைக்காலின் வகைகள்

கட்டடத்தின் பாரத்தை மண்ணுக்குள் செலுத்துவது கடைக்கால். அஃது ஆழமற்றது, ஆழமானது என இருவகைப்படும். மேல்மண் உறுதியாயின் முன்னதே போதும். அதனுள், சுவரின் கீழ் நீளவாட்டில் இடுவது பட்டைத்தளம். தூண் ஒவ்வொன்றுக்கும் தனியே இடுவது தனித்தளம். இரு தூண்களைச் சேர்த்துத் தாங்குவது இணைதளம். கட்டடம் முழுமைக்கும் விரிப்பது பாய்த்தளம். மேல்மண் தளர்ந்ததாயின் நிலத்தூண்களை ஆழ இறக்குதல் வேண்டும். அவற்றுட் சில பாறையில் ஊன்றி நிற்கும். சில சுற்றியுள்ள மண்ணின் உராய்வினால் நிற்கும்.

1999-இல் திறக்கப்பெற்ற கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்கு முதலில் குறித்த இடத்தின் கீழே, ஒருபுறம் அரிபட்ட சுண்ணாம்புப் பாறை இருந்தது. ஆதலின் கட்டுமிடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளி அமைத்தனர். அங்கே 4.5 மீட்டர் கனமுள்ள பாய்த்தளங்களை, மிக ஆழ்ந்த நிலத்தூண்கள் உராய்வினால் தாங்குகின்றன. மண்ணை ஆராயாது கடைக்காலைத் தேர்வது, அடியறியாது ஆற்றில் இறங்குவதை ஒக்கும்.