தேய்ந்த சொற்களும் வாய்மூடிய மக்களும்

அபிவிருத்திப் பணியில் இன்று மிகக் கடுமையாக வேலை வாங்கப்படுபவை சொற்களே. எந்தக் கருத்தரங்குக்குச் சென்றாலும் 'வலுவூட்டல்', 'பங்கேற்பு', 'நிலைபேறான அபிவிருத்தி', 'இயலளவு விருத்தி', 'விழிப்புணர்வு' என்பன தவறாது வந்துவிடுகின்றன. பதாகையில் ஒருமுறை, தலைமையுரையில் பலமுறை, நன்றியுரையில் மீண்டும் ஒருமுறை அவற்றைக் கேட்கிறோம். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் ஒரு தாயிடம், "என்ன கதைச்சவை?" என்று வினவினால், "ஏதோ வலுவூட்டலாம், இன்னும் ரெண்டு கூட்டம் இருக்காம்" என்ற பதிலே கிடைக்கும்.

இச்சொற்கள் பிறக்கும்போது வெறுமையாக இருக்கவில்லை. 'விழிப்புணர்வு' என்பதையே எடுத்துக்கொள்வோம். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரெய்ரே 1963 இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு எழுத்தறிவூட்டும் பணியை நடத்தினார். முதலில் மக்களின் பேச்சைக் கேட்டு, அவர்களது உழைப்போடும் துன்பத்தோடும் பிணைந்த சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றைக் கொண்டே கற்பிப்பது அவரது முறை. 'செங்கல்' என்ற சொல்லைப் படிக்கும் தொழிலாளி, தான் செங்கல் அடுக்கிக் கட்டும் வீட்டில் தனக்கு ஏன் இடமில்லை என்றும் கேட்கத் தொடங்குவான். அந்தக் கேள்வியே விழிப்புணர்வு. இன்றோ அச்சொல் சுவரொட்டிக்கும் ஒலிபெருக்கி அறிவித்தலுக்கும் உரியதாகிவிட்டது.

எங்கே பிசகியது? பிரெய்ரே மக்களின் சொல்லிலிருந்து தொடங்கினார். இன்று நாம் காண்பது அதன் மறுதலை. வெளியிலிருந்து வரும் சொற்களை மக்கள் கற்க வேண்டியிருக்கிறது. செயற்திட்ட விண்ணப்பத்தில் குறித்த சொற்கள் இருந்தாற்றான் நிதி கிடைக்கும் என்பதைக் கிராமத்துச் சங்கங்களும் அறிந்துவிட்டன. 'குளக்கட்டு உடைந்துவிட்டது, மாரிக்கு முன் கட்ட வேண்டும்' என்று நேராக எழுதத் தெரிந்த செயலாளர், 'பங்குதாரர்களின் இயலளவை விருத்தி செய்தல்' என்று எழுதப் பழகிக்கொள்கிறார். கடை வைத்திருப்பவனுக்குப் பங்குதாரர் என்றால் இலாபத்திலும் நட்டத்திலும் பங்குள்ளவர். கூட்டத்தில் 'பங்குதாரர்' எனப்படும் ஏழை விவசாயிக்கோ வரவு இடாப்பில் ஒரு கையொப்பமே பங்கு.

இதனால் விளையும் தீங்கு சிறியதன்று. 2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. 'பெண்களை வலுவூட்டல்' என்ற சொல்லும் அவற்றோடு படலைக்குப் படலை சென்றது. குழுவாகப் பிணை நின்று கடன் பெற்ற பெண்கள், வாரந்தோறும் தவணை கட்ட முடியாமல் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினர். 2018 இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் நிலுவைகளைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. 'கடன்' என்று சொல்லியிருந்தால் வட்டி எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள். 'வலுவூட்டல்' என்றதும் கேட்பதற்கு வாய் வரவில்லை. தேய்ந்த சொல் ஒன்று செய்யக்கூடிய பெருந்தீங்கு இதுவே.

வெளியிலிருந்து வரும் சொல் எல்லாம் இப்படித்தான் என்று கூறிவிடவும் முடியாது. 'சிரமதானம்' அத்தகைய ஒரு சொல்லே. 1958 இல் கலாநிதி ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களுடன் கனத்தொலுவ கிராமத்தில் நடத்திய உழைப்பு முகாமிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அச்சொல் நிலைத்ததன் காரணம் எளிது. சிரமதானம் என்றால் மண்வெட்டி எடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மாலையில் பார்த்தால் பாதை தெரியும். எமது தாய்மாரின் 'பிடியரிசி'யும் அவ்வாறே. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துவைக்கும் அந்தச் சேமிப்புக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

ஆகவே எமது பணியாளர்கள் ஒரு சொல்லைப் பயன்படுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நன்று. இச்சொல்லைக் கேட்டபின் யார், எந்த நாளில், என்ன செய்யப் போகிறார்? இதை ஊர்ப் பேச்சில் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிச் சொன்னதும் மக்கள் எழுப்பக்கூடிய கேள்விக்கு எம்மிடம் பதில் உண்டா? ஊர்ப் பேச்சில் சொல்ல முடியாத திட்டம் ஊருக்கு உரியதா என்பதையே மீண்டும் சிந்திக்க வேண்டும்.

எரிக்கோவின் வழியோரத்தில் இருந்த பர்த்திமேயுவை ஆண்டவர் அழைத்தபோது, அவனுடைய குறை எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஆயினும் அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனிடமே கேட்டார். அவனும் தன் சொந்தச் சொல்லில் பதில் கூறினான். அடுத்த சங்கக் கூட்டத்தில் பதாகையைச் சுருட்டி வைத்துவிட்டு, நாமும் அந்தக் கேள்வியோடு தொடங்குவோம். பதில் வரச் சற்று நேரமாகலாம். காத்திருப்போம்.