நாடுகளின் பொருளாதாரப் போட்டித்திறனும் குடியிருப்பு முதலீடும்: சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, ஜப்பான் – ஓர் ஒப்பீடு

திறவுச்சொற்கள்: போட்டித்திறன், குடியிருப்பு முதலீடு, முத்திரைத்தீர்வை, நாணய மதிப்பு

முன்னுரை

அயல்நாட்டில் வீடு வாங்க எண்ணும் முதலீட்டாளர்கள், நாட்டைத் தெரிவுசெய்யப் போட்டித்திறன் தரவரிசைகளைத் துணையாகக் கொள்வதுண்டு. பொருளாதாரம் வலுப்பெற்றால் மக்களின் வருவாய் உயரும். அதனால் வீடுகளின் தேவையும் விலையும் உயரும் என்பது இதன் அடிப்படை. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை மூன்று நாடுகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தரவரிசைகள் அளப்பவை

உலகப் பொருளாதார மன்றம் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் 12 தூண்களைக் கொண்டு 141 நாடுகளை மதிப்பிட்டது. சிங்கப்பூர் முதலிடமும், சுவிட்சர்லாந்து 5ஆம் இடமும், ஜப்பான் 6ஆம் இடமும் பெற்றன. அதே ஆண்டு ஐ.எம்.டி. நிறுவனத்தின் தரவரிசையில் ஜப்பான் 30ஆம் இடத்திலேயே இருந்தது. அளவுகோல் மாறும்போது இடமும் மாறுகிறது. மேலும், இவ்விரண்டும் தொழில் நடத்துவதற்கான சூழலை அளப்பவை. வீட்டு உரிமையாளரின் ஆதாயத்தை அளப்பவை அல்ல.

நுழைவுத் தடைகள்

சிங்கப்பூரில் வீடு வாங்கும் வெளிநாட்டவருக்கான கூடுதல் முத்திரைத்தீர்வை 2023 ஏப்ரலில் 30 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 20 லட்சம் வெள்ளி மதிப்புள்ள வீட்டிற்கு இத்தீர்வை மட்டும் 12 லட்சம் வெள்ளியாகும். ஆண்டு வாடகை விலையில் 3 விழுக்காடு எனக் கொண்டால், 20 ஆண்டு வாடகை முழுவதும் இத்தீர்வைக்கே ஈடாகிவிடும். வணிக உடன்படிக்கையின்கீழ் அமெரிக்கா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட சில நாட்டினர் மட்டும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இணையாக நடத்தப்படுகின்றனர்.

சுவிட்சர்லாந்தில் 'லெக்ஸ் கோலர்' எனப்படும் சட்டம், அந்நாட்டில் வசிக்காத வெளிநாட்டவர் வீடு வாங்குவதைக் கட்டுப்படுத்துகிறது. விடுமுறை இல்லங்களுக்கான இசைவுகளுக்கு ஆண்டுதோறும் நாடு முழுமைக்கும் உச்சவரம்பு உண்டு. நாட்டின் வலிமை வெளிநாட்டுப் பணத்தை ஈர்க்கிறது. வீட்டு விலை குடிமக்களுக்கு எட்டாததாகிவிடுமோ என்னும் அச்சத்தால் அரசு வாயிலை அடைக்கிறது. போட்டித்திறனே தடைக்கும் காரணமாவதை இதனால் அறியலாம்.

தேவையும் நாணயமும்

ஜப்பானில் வீடும் நிலமும் வாங்க வெளிநாட்டவருக்குப் பொதுவான தடையில்லை. எனினும், அங்கு மக்கள்தொகை குறைந்துவருகிறது. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. 2012இல் ஒரு டாலருக்குச் சுமார் 80 யென்னாக இருந்த மாற்று விகிதம் 2024 நடுப்பகுதியில் 160ஐத் தொட்டது. 4 கோடி யென் விலையுள்ள வீடு ஒன்று விலை மாறாமலே 5 லட்சம் டாலரிலிருந்து 2.5 லட்சம் டாலராகக் குறைந்தது எனலாம்.

முடிவுரை

போட்டித்திறன் தரவரிசை, வேலைவாய்ப்பும் சட்ட ஒழுங்கும் நிலைபெற்ற நாட்டை அடையாளம் காட்டும். அங்கு வாங்கும் வீடு ஆதாயம் தரும் என்பதற்கு அது உறுதியாகாது. வாங்கும் உரிமை, நுழைவு வரி, மக்கள்தொகைப் போக்கு, நாணய மதிப்பு ஆகிய நான்கையும் ஆராய்ந்த பின்னரே தரவரிசையை நோக்குவது முதலீட்டாளருக்கு ஏற்ற முறையாகும்.