படத்தில் விழாத பச்சை

நாவலப்பிட்டியைத் தாண்டியதும் கோச்சி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். இங்குருஓயா, கலபொட, வட்டவளை என்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, அட்டனுக்கு முன்னால் றொசல்லவில் நிற்கும். கதவோரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுப் பயணிகள், தண்டவாளத்துக்கு மேலே மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைக் கண்டதும் கைபேசியை நீட்டுவார்கள். இலங்கையில் இவர்களை விட அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகமே. தேயிலைப் பெட்டி, சுற்றுலாச் சுவரொட்டி, தபால் அட்டை என்று எங்கும் அதே கூடை, அதே சிரிப்பு.

அந்தப் படங்களில் அநேகமாக விழாத ஒன்று உண்டு. மழை, அட்டை, தேயிலை வாதின் கீறல் எல்லாவற்றுக்கும் பயந்து, சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்கள். வயதான ஒருவர் பீலிக்கரையில் சட்டையைக் கழற்றிக் கை கழுவும்போது பார்த்தால் தெரியும். முன்கையில் புள்ளிக் கோலம், மணிக்கட்டருகே தேள், சிலருக்கு ஒரு பெயர், நெற்றியிலோ தாடையிலோ ஒற்றைப் பொட்டு. எல்லாம் பச்சை. இப்போது பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்ந்து, லயத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாயி, அம்மாயிகளிடம்தான் அதைக் காண முடிகிறது.

பச்சைக்காகவே பயணிகள் பெண்களைத் தேடிப் போன இடம் ஒன்று மியன்மாரில் இருக்கிறது. அதன் மேற்கு எல்லையில் உள்ள சின் மாநிலத்தின் மிண்டாட், கன்பெட்லெட் மலைக் கிராமங்களில், முகம் முழுக்கப் பச்சை குத்திய மூதாட்டிகள் வாழ்கிறார்கள். குழுவுக்குக் குழு வடிவம் மாறும். ஒரு குழுவுக்குப் புள்ளிகள், இன்னொன்றுக்கு வளைகோடுகள், மற்றொன்றுக்கு முகமே கறுத்துத் தெரியும் அளவுக்கு அடர்த்தி. பர்மிய அரசர்கள் பெண்களைத் தூக்கிப் போகாதிருக்க முகத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்றொரு கதை அங்கே சொல்லப்படுகிறது. 1960களில் அரசாங்கம் இந்த வழக்கத்தைத் தடை செய்தது. பிறகு சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், படத்துக்குக் காசும் கொடுத்தார்கள். 2021 இராணுவப் புரட்சிக்குப் பின் மிண்டாட் போர்க்களமானது. பயணிகளும் நின்றுபோனார்கள்.

மலையகத்தில் எந்த அரசாங்கமும் பச்சையைத் தடை செய்யவில்லை. அதைத் தேடி யாரும் வரவும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தவர்களோடு வந்த வழக்கம் இது. அங்கே ஊர் ஊராகச் சுற்றிய குறத்திகள்தான் இந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அவர்களின் கைப்பக்குவத்தை விவரமாகப் பதிந்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைப்பார்கள். அந்த விழுதை மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் ஏற்றுவார்கள். மேலே புதுச்சட்டி கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை தயார். நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிகளை அதில் தோய்த்துக் குத்துவார்கள். முடிந்ததும் வீக்கம் வற்ற மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவுவார்கள். வலி தெரியாமல் இருக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாள். ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா, சிக்கலான சித்திரத்துக்குப் பன்னிரண்டணா வரை கூலி என்றும் தர்ஸ்டன் எழுதுகிறார். கிராமங்களில் கூலிக்குப் பதில் அரிசி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

கையில் காசில்லாத வீட்டுப் பெண்ணும் போட்டுக்கொள்ளக்கூடிய நகை இது. செத்தால் கூட வருவது பச்சை ஒன்றுதான் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுக் கிராமங்களில் மட்டுமல்ல, வட இந்தியாவிலும் உண்டு. தோட்டத்து வாழ்க்கையில் இதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொள்கிறது. தீபாவளிச் செலவு, பிள்ளையின் படிப்பு, திடீர் வைத்தியம் என்று எது வந்தாலும் தோடும் சங்கிலியும் முதலில் போவது டவுன் அடகுக் கடைக்கு. பச்சையை மட்டும் எந்தக் கடைக்காரரும் தராசில் வைக்க முடியாது.

இந்த மக்களின் மற்ற அடையாளங்களெல்லாம் வேறு யாரோ எழுதிக் கொடுத்தவை. கங்காணி காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். ஆளுக்கு எவ்வளவு கடன் என்று அந்தச் சீட்டு சொல்லும். 1921இல் அது ஒழிக்கப்பட்டது. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் இலங்கையில் பிறந்ததற்குக் காகிதம் கேட்டது. காகிதம் இல்லாததால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாக ஏற்றுக்கொண்டன. கணக்குப் பார்த்த எந்த அதிகாரியும் ஒரு பெண்ணின் முன்கையைச் சான்றாகக் கொள்ளவில்லை. ஆனால் எந்த ஊர்க் கோலம், எந்தச் சாமி, யார் பெயர் என்பதையெல்லாம் அந்தக் கைதான் வைத்திருந்தது.

அப்படித் திரும்பிப் போனவர்களில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். அங்கேயும் அக்கம்பக்கத்தில் பச்சை குத்திய பெண்கள் இருந்தார்கள். தோடர் பெண்களின் தோளிலும் மார்பிலும் புள்ளி வரிசைகள், படகர் பெண்களின் நெற்றியிலும் முன்கையிலும் கோடுகள். அவர்களைப் பற்றி மானுடவியலாளர்கள் நூற்றாண்டுக்கு மேலாக எழுதியிருக்கிறார்கள். கண்டிச் சீமையிலிருந்து வந்து இறங்கிய பெண்ணின் கையைப் பற்றி அப்படி எழுதியவர்கள் அரிது.

படம் எடுக்க ஆளில்லாமல் போனதல்ல இதற்குக் காரணம். விக்டோரியா காலத்தின் பேர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து தோட்டத் தமிழரைப் படம் எடுத்தார். 1879இல் டிக்கோயாவில் இறந்தார். றொசல்லவிலிருந்து அதிக தூரமில்லாத பொகவந்தலாவை தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களில் டெனிசன், டார்வின் என்று பலருக்கும் பெயர் உண்டு. இலங்கைப் படங்களில் இருக்கும் தமிழரில் பெரும்பாலானோருக்குப் பெயரே இல்லை. கோச்சிக் கதவோரம் இன்று எடுக்கப்படும் படங்களிலும் நிலைமை அவ்வளவாக மாறிவிடவில்லை.

வழக்கம் ஏன் அற்றுப்போனது? பள்ளிக்கூடம் போய், கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கையில் தேள் இருப்பது ‘தோட்டத்துப் பிள்ளை’ என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போல. பச்சை மேல் இருந்த ஆசை மட்டும் போகவில்லை. நாவலப்பிட்டியில் பிறந்தவராகச் சொல்லப்படும் எம்.ஜி.ஆர்., 1970களில் கட்சிக்காரர்கள் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றபோது ஆயிரக்கணக்கானோர் கை நீட்டினார்கள். இன்று இளவட்டங்கள் இயந்திர ஊசியில் சிங்கமும் சிறகும் குத்திக்கொள்கிறார்கள். அதற்கு ‘டாட்டூ’ என்று பெயர். அப்பாயி கையில் இருப்பது வேறு ஏதோ பழசு.

2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்து வந்த பாதை அது. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்து லயம் ஒன்றில் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. கூடை, கவ்வாத்துக் கத்தி, பித்தளைப் பாத்திரம் போன்றவற்றை வாங்கி அங்கே அடுக்கி வைக்கலாம். பச்சையை அப்படி வைக்க முடியாது. உடையவர் போனால் அதுவும் போய்விடும்.

செய்ய வேண்டியதற்குப் பெரிய பணமோ ஆய்வுக்கூடமோ வேண்டாம். உயர்தரம் படிக்கும் பேரப்பிள்ளையின் கையில் கைபேசி இருக்கிறது. சம்மதம் கேட்டு, முகத்தை விட்டுவிட்டு, கையை மட்டும் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம். கூடவே சில கேள்விகள்: எந்த வயதில் குத்தியது, எந்தத் தோட்டத்தில், குத்தியவர் எங்கிருந்து வந்தார், கூலியாக என்ன கொடுத்தார்கள், இந்தக் கோலத்துக்கு வீட்டில் என்ன பெயர், வலித்தபோது அவர் என்ன பாடினார். கையின் சொந்தக்காரருடைய பெயரையும், அவர் விரும்பினால், படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.