கவாத்து நேரத்தில் கைவிடும் பேட்டரி ரம்பம்

தர்மபுரி மாவட்டத்தில் காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மா அறுவடை முடிந்ததும், ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து வேலை தொடங்கிவிடும். காய்ந்த கிளை, உரசும் கிளை, தரையைத் தொடும் கிளைகளை வெட்ட ஆள் கிடைப்பதில்லை. அதனால் 4 முதல் 6 அங்குலம் வெட்டும் சிறிய பேட்டரி ரம்பத்தை வாங்கி வைக்கின்றனர். முதல் ஆண்டு நன்றாக ஓடும். அடுத்த கவாத்துக்கு எடுத்தால் சார்ஜ் ஏறாது. ஏறினாலும் நாலு கிளைக்கு மேல் தாங்காது.

இதில் பாதிக் குற்றம் நம்முடையது. தீர்ந்த பேட்டரியை அப்படியே தகரக் கொட்டகையில் போட்டுவிட்டு, 10 மாதம் கழித்துத் தேடுகிறோம். லித்தியம் செல்லின் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் கீழே போனால் கெடத் தொடங்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏற விடாது. பாதி சார்ஜில், ரம்பத்திலிருந்து கழற்றி, வெயில் படாத அறையில் வைக்க வேண்டும். வெட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடுவதும் தவறு, ஆறவிட்டுப் போடுங்கள்.

பல நேரம் பழி பேட்டரி மேல் விழும். குறை சங்கிலியில் இருக்கும். சிறிய ரம்பங்கள் பலவற்றில் தானாக எண்ணெய் விடும் வசதி கிடையாது. எண்ணெய் இல்லாத, மழுங்கிய சங்கிலி மோட்டாரைத் திணறடிக்கும். பேட்டரி சூடாகி நின்றுவிடும். மரத்தூள் மாவு போல வந்தால் சங்கிலிக்கு அரம் போடும் நேரம் வந்துவிட்டது. சீவலாக வந்தால் சரி.

செல் மட்டும் மாற்றலாம் என்பார்கள். பழைய லேப்டாப் செல்லைப் போட்டால் பயனில்லை. ரம்பம் கேட்கும் மின்சாரத்தை அது தராது.

புதிது வாங்குவதென்றால், ஸ்டிக்கரில் உள்ள 48, 88 என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். முழு சார்ஜில் ஒரு லித்தியம் அயன் செல் 4.2 வோல்ட்தான். 5 செல்லை வரிசையாகச் சேர்த்தால் 21 வோல்ட். அதற்கு மேல் இல்லை. பேட்டரி மேல் உள்ள வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. 4 ஆம்பியர்-மணி என்றால் 72. வேலையும் ஏறக்குறைய இரட்டிப்பு. வழக்கமான 18650 செல் ஒன்றில் 3.5 ஆம்பியர்-மணி இருந்தாலே அதிகம். அப்படிப்பட்ட 5 செல் மட்டுமே உள்ள பெட்டியில் 6 என்று எழுதியிருந்தால், சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

பிரஷ்லெஸ் மோட்டார் விலை கூடுதல். ஆனால் தேய்வதற்கு கார்பன் பிரஷ் இல்லை. பணம் கொடுக்கும் முன், தனி பேட்டரியும் சங்கிலியும் தர்மபுரியிலோ சேலத்திலோ கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத ரம்பத்தை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பட்டுப்போன புளியமரத்தின் அடிமரத்துக்கு இந்தச் சிறிய ரம்பம் ஆகாது. அதற்குப் பெட்ரோல் ரம்பத்தை வாடகைக்கு எடுப்பதே லாபம்.

சங்கிலியில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உப்பிய பேட்டரியைக் குப்பையிலோ நெருப்பிலோ போடாமல், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது 2022-ம் ஆண்டு விதிகள் சுமத்தியுள்ளன.